பீசோ ஆக்சுவேட்டருக்கு டிரைவர் சர்க்யூட்: முதல் கணக்கிலிருந்து முதல் சோதனை வரை

ஓர் அலுமினியப் பட்டையின் மேல் பீசோ தகட்டை (மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் செராமிக்) ஒட்டி, அதற்கு மின்னழுத்தம் கொடுத்து, பட்டையின் அதிர்வை அடக்க வேண்டும். ஸ்மார்ட் கட்டமைப்பு (தன் அதிர்வைத் தானே உணர்ந்து அடக்கும் கட்டமைப்பு) வேலைக்குப் புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “150 வோல்ட் தரும் ஆம்ப்ளிஃபயர் எது?” என்பது. கேள்வி சரிதான், ஆனால் அதைக் கேட்கவேண்டிய இடம் அதுவல்ல. 150 வோல்ட்டை உண்டாக்குவது பெரிய வித்தை இல்லை. அதை நொடிக்கு 200 தடவை ஏற்றி இறக்க எவ்வளவு மின்னோட்டம் வேண்டும், அப்போது எழும் சூடு எங்கே போகும், இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் ஐசியின் பெயரைத் தேட வேண்டும்.

கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு முனை இறுக்கிப் பிடிக்கப்பட்ட அலுமினியப் பட்டை. அதன் முதல் இயல்பு அதிர்வெண் 20 ஹெர்ட்ஸ். 200 ஹெர்ட்ஸ் வரை கட்டுப்பாடு வேண்டும். பட்டையின் மேலும் கீழும் ஒவ்வொரு தகடு: பிஇசட்டி-5எச் வகை, 50 × 25 மி.மீ, தடிமன் 0.5 மி.மீ.

முதலில் தகட்டின் ஜாதகம்

சர்க்யூட்டின் பார்வையில் பீசோ தகடு ஒரு கெபாசிட்டர். ஒத்ததிர்வுக்கு அருகில் மட்டும் கட்டமைப்பின் அசைவு மின்பக்கத்திலும் கொஞ்சம் தலைகாட்டும், மற்ற நேரமெல்லாம் கெபாசிட்டர் கணக்கே போதும். 5எச் வகையின் சார்பு மின்காப்பு மாறிலி சுமார் 3400. பரப்பையும் தடிமனையும் போட்டால் ஒரு தகட்டுக்கு ஏறத்தாழ 75 நானோஃபாரட். இரண்டையும் இணையாக இணைத்தால் 150.

இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டேட்டாஷீட்டிலும் எல்சிஆர் மீட்டரிலும் வருவது 1 கிலோஹெர்ட்ஸில், ஒரு வோல்ட் அளவில் எடுத்த மதிப்பு. முழு மின்னழுத்தத்தில் ஓட்டும்போது மின்தேக்குதிறன் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஏறும். சூடானால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆகவே 250 நானோஃபாரட் என்று வைத்தே வடிவமைப்போம். சிறிய எண்ணை நம்பி செய்த ஆம்ப்ளிஃபயர் மேசையில் ஒழுங்காக ஓடும், முழு வீச்சில் ஓட்டியதும் அலையின் சரிவுகள் நேர்கோடாகி முக்கோணமாகிவிடும்.

அடுத்தது மின்னழுத்த வரம்பு. தகட்டைத் துருவப்படுத்திய திசையிலேயே புலம் கொடுத்தால் மி.மீ.க்கு 1000 வோல்ட்டுக்கு மேலும் பல வகைகள் தாங்கும். எதிர்த்திசையில் அந்தத் தாராளம் இல்லை. 5எச் வகையின் துருவம் புரளும் புலம் மி.மீ.க்கு சுமார் 800 வோல்ட். பாதுகாப்பாக அதில் பாதிக்குள் நிற்க வேண்டும். நாம் ±150 வோல்ட் கொடுத்தால் 0.5 மி.மீ தடிமனில் மி.மீ.க்கு 300 வோல்ட். கவலையில்லை.

எல்லா ஆக்சுவேட்டருக்கும் இந்தச் சமச்சீர் பொருந்தாது. நாசா லாங்லியில் உருவான மேக்ரோ ஃபைபர் காம்போசிட் பட்டைகளில் ஒரு வகைக்கு வரம்பு −500 முதல் +1500 வோல்ட், இன்னொன்றுக்கு −60 முதல் +360. அங்கே சைகையை (சிக்னலை) நடுமட்டத்துக்கு நகர்த்திவைத்து ஓட்ட வேண்டும். முதல் வகைக்கு +500இல் நிறுத்தி ±1000. பல அடுக்கு ஸ்டேக் வகைக்கு எதிர்ப்பக்கம் சில பத்து வோல்ட்தான் அனுமதி, மின்தேக்குதிறனோ பல மைக்ரோஃபாரட்.

மின்னோட்டமும் சூடும்

சைன் அலைக்கு நினைவில் வைக்கவேண்டிய கணக்கு ஒன்றே ஒன்று:

உச்ச மின்னோட்டம் = 3.14 × அதிர்வெண் × மின்தேக்குதிறன் × உச்சிக்கு உச்சி மின்னழுத்தம்

நம் எடுத்துக்காட்டில் 3.14 × 200 × 0.00000025 × 300, அதாவது 47 மில்லியாம்பியர். பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் இந்த மின்னோட்டம் மின்னழுத்தத்தோடு 90 பாகை விலகி ஓடுகிறது. அங்கேதான் சிக்கல். வெளியீடு பூஜ்யத்தைக் கடக்கும் அந்தக் கணத்தில் மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும், அந்தப் பக்கச் சப்ளையின் முழு மின்னழுத்தமும் ஆம்ப்ளிஃபயரின் டிரான்சிஸ்டர் மேல் நிற்கும். கெபாசிட்டர் ஆற்றலைத் தின்பதில்லை. வாங்கியதைத் திருப்பித் தருகிறது. லீனியர் ஆம்ப்ளிஃபயருக்கோ அதைத் திரும்ப வாங்கிச் சப்ளையில் சேர்க்கத் தெரியாது, சூடாக்கிவிடும்.

அந்தச் சூட்டின் அளவு: மொத்த சப்ளை மின்னழுத்தம் × அதிர்வெண் × மின்தேக்குதிறன் × உச்சிக்கு உச்சி மின்னழுத்தம். ±170 வோல்ட் சப்ளை என்றால் 340 × 200 × 0.00000025 × 300 = 5.1 வாட். இதே வேலையை 2000 ஹெர்ட்ஸில் கேட்டால் 51 வாட். ஒரு பட்டையை அசைக்க 51 வாட்டுக்கு ஹீட்சிங்க் என்றால் வடிவமைப்பை மறுபடி யோசிக்கவேண்டிய நேரம் அது. பயனற்ற உயர் அதிர்வெண்ணை வடிகட்டலாம், வீச்சைக் குறைக்கலாம், அல்லது ஸ்விட்சிங் ஆம்ப்ளிஃபயருக்குப் போகலாம்.

இந்த இடத்தில் ஒரு கிளைக் கேள்வி: ஆம்ப்ளிஃபயரே வேண்டுமா? ஒரே ஒரு அதிர்வு முறையை (மோடை) மட்டும் தணிப்பது நோக்கம் என்றால், பீசோவோடு மின்தூண்டியும் மின்தடையும் சேர்த்து ஒத்ததிரச் செய்தாலே அதிர்வின் ஆற்றல் மின்தடையில் கரையும். ராபர்ட் ஃபார்வர்ட் 1979இல் இதைச் செய்துகாட்டினார், 1991இல் ஹேகுட்டும் வான் ஃப்ளோட்டோவும் கணித வடிவம் கொடுத்தார்கள். கேட்க இனிமைதான். 150 நானோஃபாரட்டை 20 ஹெர்ட்ஸில் ஒத்ததிரவைக்க எவ்வளவு மின்தூண்டல் வேண்டும் என்று போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 420 ஹென்றி. இப்படி ஒரு சுருளை யாரும் சுற்றமாட்டார்கள், ஆப்-ஆம்ப்பில் செயற்கைத் தூண்டியாகத்தான் செய்ய வேண்டும். அதிர்வெண் சற்று நகர்ந்தாலும் பலன் சரிந்துவிடும். பல அதிர்வு முறைகளைச் சமாளிக்க வேண்டும் என்றால் ஆம்ப்ளிஃபயர் வழிதான்.

பட்டையும் சர்க்யூட்டின் ஒரு பகுதி

மின்னணுவியல் பக்கத்திலிருந்து வருபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இது. தகட்டின் கீழ்ப்பக்க மின்முனை அலுமினியத்தோடு ஒட்டுகிறது. எபாக்சி மின்காப்புப் பொருள்தான். ஆனால் படலம் மெல்லியதாக இருக்கவேண்டும் என்று அழுத்தி ஒட்டும்போது மின்முனையின் மேடுகள் அலுமினியத்தைத் தொட்டுவிடும். சில இடங்களில் தொட்டும் சில இடங்களில் தொடாமலும் இருப்பது எல்லாவற்றிலும் மோசம். ஆகவே ஒட்டுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்: பட்டையே கிரவுண்டா, அல்லது நடுவில் பாலிஇமைடு படலம் வைத்து முழுக்கப் பிரிப்பதா?

பட்டை கிரவுண்டு என்றால் ஒரு முனை எப்போதும் பூஜ்யத்தில் நிற்கும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை எதிரெதிராக ஓட்டி வீச்சை இரட்டிப்பாக்கும் பிரிட்ஜ் இணைப்பு அப்போது கைகூடாது. பிரிட்ஜ் வேண்டுமென்றால் இரண்டு மின்முனைகளும் மிதக்க வேண்டும். அதற்குக் கீழ் மின்முனையை ஓரத்தில் மடித்து மேலே கொண்டுவந்த தகடாகப் பார்த்து வாங்குங்கள்.

நம் பட்டைக்குக் கிரவுண்டு வழியே போதும். ஒரு சின்ன உத்தி: மேல் தகட்டின் நேர்முனையை வெளிப்பக்கமும், கீழ்த் தகட்டின் நேர்முனையை ஒட்டும் பக்கமும் வையுங்கள். இரண்டு வெளி மின்முனைகளுக்கும் ஒரே சைகையைக் கொடுத்தால் ஒன்று நீளும், மற்றது சுருங்கும், பட்டை வளையும். ஒரு ஆம்ப்ளிஃபயர் போதும்.

ஒயரைப் பற்றவைக்கும்போது அவசரம்தான் பிரச்சினை. 5எச் வகையின் கியூரி வெப்பநிலை, அதாவது துருவம் முற்றிலும் அழியும் வெப்பநிலை, 190 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம். சால்டரிங் அயர்ன் முனை 300ஐத் தாண்டி நிற்கிறது. ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் அந்த இடத்தில் துருவம் அழிந்துவிடும். சூடும் குளிரும் தகட்டில் மின்னழுத்தத்தையும் உண்டாக்கும். அதனால் பற்றவைத்தபின் இரண்டு ஒயர்களையும் முறுக்கிச் சேர்த்தே வையுங்கள், ஆம்ப்ளிஃபயரோடு இணைக்கும்வரை பிரிக்க வேண்டாம்.

ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது

இப்போது கையில் எண்கள் இருக்கின்றன: ±150 வோல்ட், 47 மில்லியாம்பியர், 250 நானோஃபாரட், 200 ஹெர்ட்ஸ். 100 வோல்ட்டுக்குள் முடிகிற வேலையானால் ஓபிஏ454 போன்ற மலிவான ஐசி கைகொடுக்கும். அதன் மொத்த சப்ளை வரம்பு 100 வோல்ட், அதாவது ±50. நமக்கு அது பற்றாது. பிஏ85 ரகத்தில் மொத்த சப்ளை 450 வோல்ட், மின்னோட்டம் 200 மில்லியாம்பியர் வரை. பொருந்துகிறது.

ஆனால் டேட்டாஷீட்டில் இன்னொரு வரியையும் படியுங்கள்: சைகையே இல்லாமல் சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம். இந்த ஐசிக்கு அது சுமார் 20 மில்லியாம்பியர். 340 வோல்ட்டில் பெருக்கினால் ஏறத்தாழ 7 வாட். நாம் கணக்கிட்ட 5.1 வாட்டைவிட இது பெரிது! ஹீட்சிங்க்கை 12 வாட்டுக்குப் பாருங்கள். சும்மா இருக்கும்போது குறைவாக இழுக்கும் மாற்று கிடைத்தால், அதன் வேகம் குறைவாக இருந்தாலும் அதையே எடுக்கலாம். நமக்கு வேகம் தேவையில்லை.

வேகம் பற்றி ஒரு வார்த்தை. பிஏ85இன் டேட்டாஷீட்டில் ஸ்லூ ரேட் (வெளியீடு ஏறி இறங்கும் உச்ச வேகம்) மைக்ரோநொடிக்கு 1000 வோல்ட் என்று இருக்கும். பீசோவை மாட்டிய பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. உண்மையான வேகம், மின்னோட்ட வரம்பை மின்தேக்குதிறனால் வகுத்தால் வருவது. வரம்பை 70 மில்லியாம்பியரில் வைத்தால் மைக்ரோநொடிக்கு 0.28 வோல்ட்தான் கிடைக்கும். நமக்கு வேண்டியது 0.19, ஆகவே போதும். 70க்கு மேல் ஏற்றாமல் இருப்பதற்கும் காரணம் உண்டு. தகடு விரிசல் விட்டு ஷார்ட் ஆனால் 170 வோல்ட்டும் 70 மில்லியாம்பியரும் சேர்ந்து 12 வாட், அதோடு சும்மா இருக்கும் 7 வாட், மொத்தம் 19. நல்ல ஹீட்சிங்க் இருந்தால் ஐசி பிழைக்கும். 200 மில்லியாம்பியரில் விட்டிருந்தால் 34 வாட்டோடு அந்த 7, ஐசி அப்போதே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஸ்விட்சிங் ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சுருக்கமாக: மின்தூண்டி வழியாக பீசோவை ஏற்றி, இறக்கும்போது அதே ஆற்றலை சப்ளைக்கே திருப்பும் வகை இது. பல மைக்ரோஃபாரட் ஸ்டேக்குகளுக்கும் கிலோஹெர்ட்ஸ் வேலைக்கும் இதுதான் சரி. திரும்பி வரும் ஆற்றலை வாங்கிக்கொள்ள சப்ளையில் பெரிய கெபாசிட்டர் இருக்கவேண்டும். ஒருவழிப் பாதையான ஃப்ளைபேக் சப்ளையோடு சின்ன கெபாசிட்டர் வைத்தால் ரெயில் (சப்ளைத் தடம்) மின்னழுத்தம் ஏறி மாஸ்ஃபெட்டை உடைக்கும். முதல் திட்டத்துக்கு இதைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. அதன் ஸ்விட்சிங் இரைச்சல், பட்டையின் அதிர்வை அளக்கும் சென்சாரின் ஒயரில் ஏறும்போது, தப்பு கன்ட்ரோலரிலா ஆம்ப்ளிஃபயரிலா என்று புதியவரால் பிரித்துச் சொல்ல முடியாது.

அலையாமல் நிற்கவைப்பது

ஆப்-ஆம்ப்பின் வெளியீட்டில் நேரடியாகக் கெபாசிட்டரை மாட்டினால் பின்னூட்டத்தில் கூடுதல் தாமதம் சேர்ந்து, ஆம்ப்ளிஃபயர் தானே ஊளையிடும். எளிய மருந்து, வெளியீட்டுக்கும் பீசோவுக்கும் நடுவே ஒரு மின்தடை. 100 ஓம் வைத்தால் 250 நானோஃபாரட்டோடு சேர்ந்து வெட்டு அதிர்வெண் 6.4 கிலோஹெர்ட்ஸ், 200 ஹெர்ட்ஸில் வரும் கட்டப் (ஃபேஸ்) பின்னடைவு 1.8 பாகை மட்டும். இன்னும் பத்திரம் என்று நினைத்து 1 கிலோஓம் வைத்தால் பின்னடைவு 17 பாகைக்குப் போய்விடும், அதிர்வைத் தணிக்கும் சுற்றுக்கு அது கடுமையான இழப்பு. 100 ஓமில் நிலைக்கவில்லையென்றால் மின்தடையை ஏற்றாமல், டேட்டாஷீட் சொல்லும் ஈடுசெய் கெபாசிட்டரை மாற்றிப் பாருங்கள்.

பாதுகாப்புக்கு மூன்று பொருள்கள். வெளியீட்டிலிருந்து இரண்டு ரெயிலுக்கும் வேகமான டயோடுகள்: பட்டையை யாராவது தட்டினால் தகடு ஜெனரேட்டராக மாறி மின்னூட்டத்தைத் திருப்பித் தள்ளும். பீசோவுக்கு இணையாக 1 மெகாஓம்: அணைத்தபின் ஒன்றேகால் நொடியில் மின்னூட்டம் வடிந்துவிடும். ஒரு ரிலே: மின்சாரம் போடும்போது +170உம் −170உம் ஒரே நேரத்தில் எழாது, அந்த இடைவெளியில் வெளியீடு ஒரு ரெயிலில் போய் முட்டும். இரண்டும் நிலைத்தபின் ரிலே பீசோவை இணைக்கட்டும். ஸ்டேக் ஓட்டுபவர்களுக்கு இது கட்டாயம். திடீர் ஏற்றத்தில் ஸ்டேக் மிஞ்சி நீண்டு, திரும்பும் வேகத்தில் இழுவிசை பட்டு உடையும்.

போர்டில் கவனிக்கவேண்டியவை

உள்ளீடு ±10 வோல்ட் என்றால் பெருக்கம் 15. பின்னூட்டத்துக்கு 150 கிலோஓமும் 10 கிலோஓமும். அந்த 150 கிலோஓம் மேல் முழு 150 வோல்ட்டும் நிற்கும். 0805 அளவு எஸ்எம்டி ரெசிஸ்டரின் மின்னழுத்த வரம்பு பொதுவாக 150, 1206க்கு 200. வாட் கணக்கு சரியாக இருந்தும் ரெசிஸ்டர் மெல்ல மதிப்பு மாறி, பெருக்கம் நகர்ந்து, காரணம் பிடிபடாமல் போவது இதனால்தான். 75 கிலோஓம் இரண்டைத் தொடரில் போடுங்கள். மேலே சொன்ன 1 மெகாஓமுக்கும் இதே கதை.

தடங்களின் இடைவெளிக்கு, போர்டு வடிவமைப்புத் தரநிலையான ஐபிசி-2221இன் அட்டவணை வழிகாட்டும்: பூச்சில்லாத வெளிப்பரப்பில் 171 முதல் 300 வோல்ட் வரை 1.25 மி.மீ, 301 முதல் 500 வரை 2.5 மி.மீ. நம் இரண்டு ரெயில்களுக்கும் நடுவே 340 வோல்ட் இருப்பதால் 2.5.

சப்ளை ஒவ்வொரு ரெயிலுக்கும் சராசரி 35 மில்லியாம்பியர் தரவேண்டும், 15 சைகைக்கு, 20 ஐசிக்கு. பல படி மின்னழுத்தப் பெருக்கி இந்த மின்னோட்டத்தில் தொய்ந்துவிடும். ஃப்ளைபேக் அல்லது டிரான்ஸ்ஃபார்மர் சப்ளை எடுங்கள். உயிருக்கு ஆபத்து பீசோவில் இருப்பதைவிட இங்கேதான் அதிகம். தகட்டில் தேங்குவது சில மில்லிஜூல், சப்ளையின் 47 மைக்ரோஃபாரட்டில் 170 வோல்ட்டுக்கு 0.68 ஜூல். அதற்கும் வடிகால் ரெசிஸ்டர் போடுங்கள். மின்சாரத்தை அணைத்து, மீட்டரில் பூஜ்யத்தைக் கண்ணால் பார்த்தபிறகே கையை வையுங்கள்.

ஹிஸ்டெரிசிஸ்: எப்போது கவலைப்படுவது

மின்னழுத்தம் கொடுத்து ஓட்டும்போது பீசோவின் அசைவில் 10 முதல் 15 சதவீதம் வரை ஹிஸ்டெரிசிஸ் இருக்கும், அதாவது ஒரே மின்னழுத்தத்தில் ஏறும்போது ஓர் அசைவு, இறங்கும்போது வேறு அசைவு. மின்னூட்டத்தை அளந்து கொடுத்தால் அது பெரிதும் குறையும். காம்ஸ்டாக் 1981இல் இதற்குக் காப்புரிமையே பெற்றார். ஆனால் மின்னூட்ட டிரைவர் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் நழுவிக்கொண்டே போகும், அளக்கும் கெபாசிட்டரைக் கிரவுண்டுப் பக்கம் வைக்க பீசோ மிதக்கவேண்டும், நம் பட்டையோ கிரவுண்டில் இருக்கிறது. அதிர்வு தணிப்புக்கு இந்தப் பாடு வேண்டாம். பின்னூட்டச் சுற்றே பிழையை விழுங்கிவிடும். நுண்ணிடம் நிறுத்தும் வேலைக்கு வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

மேசையில் சோதிப்பது

பீசோவை மாட்டுவதற்கு முன் 0.27 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் கெபாசிட்டரைச் சுமையாக வையுங்கள். எக்ஸ்7ஆர் செராமிக் வேண்டாம். மின்னழுத்தம் ஏற ஏற அதன் மதிப்பு இறங்கும், பீசோவுக்கோ ஏறும், சோதனையே தலைகீழாகிவிடும். முதலில் சப்ளையை ±30 வோல்ட்டில் வைத்து, ஒரு வோல்ட் சதுர அலை கொடுங்கள். விளிம்பில் ஓரிரு அலை எழுந்து அடங்கினால் போதும், தொடர்ந்து நெளிந்தால் ஈடுசெய்தல் போதவில்லை. குறைந்த சப்ளையில் வேலை செய்யாத ஐசி உண்டு, டேட்டாஷீட்டின் குறைந்தபட்ச வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு முழு சப்ளை, 200 ஹெர்ட்ஸ் சைன், முழு வீச்சு. கெபாசிட்டரின் கிரவுண்டுக் காலில் 10 ஓம் வைத்து அதன் மேல் பார்த்தால் உச்சத்தில் 0.5 வோல்ட் வரவேண்டும். அரைமணி நேரம் ஓடவிட்டு ஹீட்சிங்க் சூட்டை அளந்து பாருங்கள். ஆசிலோஸ்கோப் புரோப்பை 1× நிலையில் வைத்து இந்த வெளியீட்டைத் தொடாதீர்கள். 100× புரோப் இருந்தால் அதுவே நல்லது.

இப்போது தகடு. ஒட்டியபின் அளந்த மின்தேக்குதிறனைக் குறித்து வையுங்கள். பின்னாளில் அது சட்டென்று குறைந்திருந்தால் தகட்டில் விரிசல் விழுந்து ஒரு துண்டு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். 10 வோல்ட்டில் தொடங்கி, 5 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை ஓட்டி, சென்சாரில் ஒத்ததிர்வுகள் எங்கே எழுகின்றன என்று பாருங்கள்.

சுற்றை மூடுவதற்கு முன் கட்டாயம் செய்யவேண்டிய ஒரு சோதனை: தகட்டின் ஒயரைக் கழற்றி, அதற்குப் பதில் அந்த ஃபிலிம் கெபாசிட்டரை மாட்டி, முழு வீச்சில் ஓட்டிக்கொண்டே சென்சாரைக் கவனியுங்கள். பட்டை அசையவில்லை, சென்சாரில் எதுவும் வரக்கூடாது. வந்தால் அது ஒயருக்கு ஒயர் தாவிய சைகை. 10 நானோஃபாரட் பீசோ சென்சாரின் ஒயருக்கும் டிரைவ் ஒயருக்கும் நடுவே 10 பிக்கோஃபாரட் ஒட்டுறவு இருந்தாலே 300 வோல்ட் வீச்சு 0.3 வோல்ட்டாக எட்டிப் பார்க்கும், உண்மையான அதிர்வுச் சைகையும் அந்த அளவில்தான் இருக்கும். சென்சாருக்குக் கவச ஒயர் போட்டு, இரண்டையும் வெவ்வேறு பக்கமாகக் கொண்டுபோங்கள்.

கன்ட்ரோல் முறைக்கு நேர் நிலைப் பின்னூட்டத்தில் (பாசிட்டிவ் பொசிஷன் ஃபீட்பேக்) தொடங்கலாம். கோவும் காஹியும் 1985இல் ஆக்சுவேட்டரின் சொந்தத் தாமதத்தைக் கணக்கில் எடுத்துத்தான் இதை முன்வைத்தார்கள். உயர் அதிர்வெண்ணில் இதன் பெருக்கம் தானாகச் சரிவதால் டிரைவரின் குறைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். 10 கிலோஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பில் ஒன்றரை மாதிரித் தாமதம் என்றால் 200 ஹெர்ட்ஸில் அது 11 பாகை. மேலே கண்ட 1.8 பாகையையும் சேர்த்தே கன்ட்ரோலர் கணக்கில் போடுங்கள்.

பெருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒரு கட்டத்தில் பட்டை கிறீச்சிடும். உடனே பெருக்கத்தை இறக்குவதற்கு முன் அந்த அதிர்வெண்ணைப் படித்துவிடுங்கள். நீங்கள் முன்பு கண்ட ஒத்ததிர்வுகளில் ஒன்றானால் அந்த அதிர்வு முறைக்குக் கட்டம் போதவில்லை, கன்ட்ரோலரில் வேலை இருக்கிறது. பல பத்து கிலோஹெர்ட்ஸ் என்று காட்டினால் பட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை, ஆம்ப்ளிஃபயர்தான் ஊளையிடுகிறது. ஃபிலிம் கெபாசிட்டரை மறுபடி மாட்டி, 100 ஓமிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.